கைதட்டிக் கிளப்பிவிடவா அங்கே போகிறோம்?

அந்தக் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் மறுபடியும் பகிர மாட்டேன். ஆற்றோரச் சதுப்பில் பாதையை விட்டுக் கோரைக்குள் இறங்கி, கைதட்டிக் கூச்சல் போட்டு, மேய்ந்துகொண்டிருந்த வாத்துக் கூட்டத்தைக் கிளப்பிவிட்டுப் படம் பிடித்திருக்கிறார்கள். "இது தவறு" என்று மட்டும்தான் கீழே எழுதினேன். "சதுப்புக்குப் பட்டா வாங்கி வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டார்கள்.

"பறவை பறக்கத்தானே செய்யும்? திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டதே!" வலசை வரும் பறவை அங்கே பொழுதுபோக்க இறங்குவதில்லை. இரை தின்று உடம்பில் கொழுப்பைச் சேர்க்க இறங்குகிறது. திரும்பிப் போகும் நெடுவழிக்கு அந்தக் கொழுப்புதான் எரிபொருள். விரட்டும்போதெல்லாம் அது கரைகிறது, மேயும் நேரமும் போகிறது. காலையில் ஒரு கூட்டம், மாலையில் ஒரு கூட்டம் என்று ஆளாளுக்குக் கைதட்டினால் அது எப்போது தின்னும்?

கீழே இறங்கி நடந்தது அதைவிடக் கொடுமை. ஆள்காட்டி முட்டையிடத் தொடங்கும் நேரம் இது. வெறுந்தரையில் சின்னப் பள்ளம், அதில் மண் நிறத்தில் கருந்திட்டுகளோடு முட்டைகள். காலடியில் கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு கோடையில் அக்கா மகளை அழைத்துப் போயிருந்தேன். ஓர் ஆள்காட்டி தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடி வந்து முட்டைமேல் உட்கார்ந்தது. சற்று நேரத்தில் மறுபடியும் போனது. "ஏன் மாமா வயிற்றை மட்டும் கழுவுகிறது?" என்றாள். வெயிலில் முட்டை வெந்துவிடாமல் இருக்கத்தான். நாம் கிட்டே போய் நின்றால் அது எழுந்துவிடும், முட்டை வெயிலில் கிடக்கும்.

"டிக்கெட் எடுத்துத்தானே போனோம்?" எடுத்தது பார்ப்பதற்கு. "மாடு மேய்கிறதே, மீன் பிடிக்கிறார்களே, அவர்களைக் கேட்டீர்களா?" இதற்குப் பதில் சொல்லவே மனமில்லை. பிழைப்புக்குப் போகிறவரையும் படம் பிடிக்கப் போகிறவரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

"பார்க்க என்ன இருக்கிறது, வெறும் சேறு" என்கிறார் இன்னொருவர். அந்தச் சேறுதான் எல்லாம். வெள்ளம் வந்தால் ஆறு விரிந்து படுக்கும் இடம் அது. தண்ணீரைத் தாங்கி, வண்டலை இறக்கி, மெல்ல விடுகிறது. எத்தனையோ வகை மீன்கள் அந்த ஆழமில்லாத நீரில்தான் குஞ்சு பொரிக்கின்றன. 1971-இல் ஈரானின் ராம்சர் நகரில் நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டது இப்படிப்பட்ட இடங்களைக் காக்கத்தான். தரிசு என்று சொல்லிச் சொல்லியே குப்பை கொட்டினோம், மண்ணடித்து மேடாக்கினோம். பிறகு வீட்டுக்குள் வெள்ளம் வந்துவிட்டது என்று ஆற்றைத் திட்டுகிறோம்!

கோபமாகத்தான் எழுதுகிறேன். அந்தக் காணொளிக்கு விருப்பக்குறி போட்டவர்களில், என்னோடு ஒரே பைனாகுலரை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். முகம் தெரியாதவர்கள் என்றால் இவ்வளவு வலித்திருக்காது. பாதையை விட்டு இறங்கக் கூடாது என்று எனக்குச் சொல்லித்தந்ததே நீங்கள்தானே.