பாலத்தைத் தாண்டியும் போய்ப் பாருங்கள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஏரிக்கரைச் சாலைகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரை அருமை. ஆனால் எம்-22, எம்-119 என்ற இரண்டு சாலைகளோடு நிறுத்திவிட்டீர்களே! மாநிலத்தின் தென்பகுதியையும் வடபகுதியையும் இணைக்க 1957-இல் திறந்த மாக்கினா பாலத்தைத் தாண்டி வடக்கே போனால்தான் இந்த மாநிலத்தின் பழைய கதை தெரியும். ஹௌட்டனிலிருந்து காப்பர் ஹார்பர் வரை யுஎஸ்-41 நெடுஞ்சாலை செம்புச் சுரங்க ஊர்களின் நடுவே போகிறது. ஹான்காக்கில் குவின்சி சுரங்கத்தின் உயரமான கட்டடம் தூரத்திலிருந்தே தெரியும். கோடையில் சுரங்கத்துக்குள்ளேயே அழைத்துப் போய்க் காட்டுகிறார்கள், கண்டிப்பாகப் பாருங்கள். கல் உடைத்து வாழ்ந்தவர்களின் பாடு அங்கே நின்றால்தான் உறைக்கும்.

அடுத்தது, காப்பர் ஹார்பர் பக்கத்தில் இருக்கும் பிராக்வே மலைச்சாலை. 1933-இல், பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், வேலையிழந்தவர்களுக்குக் கூலி கிடைக்கட்டும் என்று போட்ட சாலை. உச்சியில் நின்றால் சுப்பீரியர் ஏரி கடல் மாதிரி விரிந்து கிடக்கும். எனக்கு மிச்சிகனிலேயே பிடித்த இடம் இதுதான். குளிர்காலத்தில் இதில் பனி அள்ளமாட்டார்கள், அப்போது கார் போகாது.

எம்-119 போகிறவர்களுக்கு: மரங்கள் கவிந்த அந்தக் குறுகலான சாலையில் நடுக்கோடே கிடையாது. வளைவுகளில் வேகம் வேண்டாம். இலை நிறம் மாறும் அக்டோபரில் வார இறுதியை விட்டு வேலை நாளில் போங்கள்.