குதிரை மட்டும்தான் போயிற்று

(கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் அடியிலுள்ள பூங்கா. ஞாயிற்றுக்கிழமை மாலை. ரயில்வே எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற மாமாவும், கோபுரத்தில் ஓர் அலுவலகத்தில் கணக்கராக இருக்கும் மருமகனும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கிறார்கள்.)

மாமா: மாப்பிள்ளை, சற்றுத் தள்ளி உட்காருங்கள். என் கணக்குப்படி, பந்தயத் திடலின் கடைசித் திருப்பம் நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் இருந்தது. 1978-இல் என் ஒரு மாதச் சம்பளம் அந்தத் திருப்பத்தைத் தாண்டி வரவேயில்லை.

மருமகன்: இங்கே குதிரை ஓடியது தெரியும், மாமா. உங்கள் சம்பளமும் இங்கேதான் அடக்கமாகியிருக்கிறது என்பது இன்றுதான் தெரிகிறது.

மாமா: 1896-இல் தொடங்கிய சிலாங்கூர் குதிரைப் பந்தய மன்றத்துக்கு, அம்பாங் சாலையோரம் ஏறத்தாழ 100 ஏக்கர் இருந்தது. நகரம் சுற்றிலும் வளர்ந்து வண்டி நெரிசல் கழுத்தை நெரித்தபோது, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குதிரைகளைச் சுங்கை பெசிக்கு அனுப்பிவிட்டு, இங்கே 88 மாடியில் இரண்டு கோபுரங்களை எழுப்பினார்கள். செய்தி கேட்ட அன்றே உங்கள் அத்தை பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டாள்.

மருமகன்: பந்தயம் ஒழிந்ததே என்றா?

மாமா: அப்படித்தான் அவள் நினைத்தாள். குதிரை மட்டும்தான் போயிற்று, மாப்பிள்ளை. ஒரு கோபுரத்தை ஜப்பானிய நிறுவனம் தலைமையேற்ற குழுவிடமும், மற்றொன்றைக் கொரிய நிறுவனம் தலைமையேற்ற குழுவிடமும் கொடுத்து, பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டார்களே, அதற்கு வேறென்ன பெயர்? கொரியர்கள் தாமதமாகப் புறப்பட்டும் உச்சியை முதலில் தொட்டார்கள். நான் ஜப்பான் மீது வைத்திருந்தேன்.

மருமகன்: கட்டடத்தின் மீதுமா பணம் கட்டினீர்கள்?

மாமா: பணமில்லை, ஒரு வாரத் தே தாரிக் தேநீர். இன்னும் பாக்கி இருக்கிறது.

மருமகன்: நீங்கள் ஓட்டத்தை மட்டும் பார்த்தீர்கள், நிலத்தைப் பார்க்கவில்லை. இதன் கீழே சுண்ணாம்புப் பாறை இருக்கிறது. அதுவும் ஒரே மட்டத்தில் இல்லாமல், சரிந்தும் குழி விழுந்தும் கிடக்கிறது. முதலில் குறித்த இடத்தில் கட்டியிருந்தால் கோபுரத்தின் ஒரு பக்கம் பாறை மீதும் மறுபக்கம் மண் மீதும் உட்கார்ந்து சாய்ந்திருக்கும் என்பதால், இடத்தையே சுமார் 60 மீட்டர் நகர்த்தி, முழுவதையும் மண் மீது வைத்து, 114 மீட்டர் ஆழம்வரை தூண்களை இறக்கினார்கள்.

மாமா: புறப்படும் கோட்டையே 60 மீட்டர் நகர்த்தினார்களா? என் காலத்தில் ஒரு குதிரை அரையடி முன்னால் நின்றாலே கூச்சல் போடுவோம்.

மருமகன்: அந்தத் தூண்களின் மேல், ஒவ்வொரு கோபுரத்துக்கும் 13,200 கன மீட்டர் கான்கிரீட்டை 54 மணி நேரம் இடைவிடாமல் கொட்டினார்கள்.

மாமா: என் கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்றியவன் இரண்டாவது வரிசைக்கே ஓய்வு கேட்டான்.

மருமகன்: உள்ளே வந்து பார்த்தால் இன்னும் வியப்பீர்கள். லிஃப்ட் இரண்டு அடுக்காக இருக்கும். கீழடுக்கு ஒற்றைப்படை மாடிகளிலும், மேலடுக்கு இரட்டைப்படை மாடிகளிலும் நிற்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் கீழடுக்கில் ஏறி 23-ஆம் மாடியில் இறங்கிவிட்டேன். என் அலுவலகம் 24-இல் இருந்தது.

மாமா: ஒரு மாடியில் தவறவிட்டீர்களா! இனி என்னைக் குறை சொல்லாதீர்கள். நானும் ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணில்தான் தவறவிட்டேன்.

மருமகன்: (பேச்சை மாற்றி) அதுவரை உலகிலேயே உயரமான கட்டடமாக இருந்த சிகாகோவின் சியர்ஸ் கோபுரத்தை 1996-இல் இது முந்தியது நினைவிருக்கிறதா?

மாமா: மறக்க முடியுமா? அவர்களுடையது 110 மாடி, கூரை 442 மீட்டர். நம்முடையது 88 மாடிதான் என்றாலும் முனையோடு சேர்த்து 451.9 மீட்டர். அவர்கள் தலையில் நட்டிருந்த ஆன்டெனா கட்டடத்தின் உறுப்பாகாது, நம் முனை கட்டடத்தோடு பிறந்தது என்று நடுவர்கள் தீர்ப்பளித்தார்கள். மூக்கு முந்திய குதிரைக்குத்தான் பரிசு என்பது பந்தயத்தின் பழைய சட்டம். தோற்றவர்கள் முறையிட்டதும், உயரத்தை நான்கு வகையாகப் பிரித்து, கூரைக்கும் ஆள் புழங்கும் மிக உயர்ந்த மாடிக்கும் உரிய பட்டங்களைச் சிகாகோவுக்குக் கொடுத்தார்கள். அதாவது முதலிடமான வின் நமக்கு, அடுத்த இடமான பிளேஸ் அவர்களுக்கு!

மருமகன்: 2004-இல் தைப்பே 101 நம்மையும் தாண்டிவிட்டது.

மாமா: அந்த ஓட்டத்தில் நான் கலந்துகொள்ளவில்லை.

மருமகன்: அதோ, 41, 42-ஆம் மாடிகளை இணைக்கும் பாலத்தைப் பாருங்கள். காற்றில் கோபுரங்கள் தனித்தனியே அசையும் என்பதால், அதன் முனைகளை இறுக்கிப் பூட்டாமல், உள்ளே வெளியே வழுக்கும்படி விட்டிருக்கிறார்கள். இறுக்கியிருந்தால் பாலம் பிய்ந்திருக்கும்.

மாமா: இதைச் சொன்ன பொறியாளரை ஒரு நாள் நம் வீட்டுக்கு அழைத்து வாருங்கள். உங்கள் அத்தையிடம் அவர் பேச வேண்டும்.

மருமகன்: போதும், மாமா. நேரமாகிறது, புறப்படலாம்.

மாமா: போகிற வழியில், நான்கு இலக்க லாட்டரி விற்கும் நம்பர் கடையில் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். 451.9 மீட்டர் என்றோமே, புள்ளியை எடுத்துவிட்டுப் பாருங்கள்: 4519.

மருமகன்: இத்தனை ஆண்டு தோற்றும் புத்தி வரவில்லையா? அதோடு, உயரத்தைத்தான் கட்டுவதென்றால் இப்போது நாட்டில் முதலிடம் இதற்கில்லை. மெர்டேக்கா அரங்கத்துக்குப் பக்கத்தில், பழைய பூங்கா நிலத்தில் எழுந்திருக்கும் மெர்டேக்கா 118-ன் உயரம் 678.9 மீட்டர். புள்ளியை எடுத்தால்... (நிறுத்தி, சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிறார்) மாமா, 6789-இல் எனக்கும் ஐந்து வெள்ளிக்கு எடுங்கள்.

மாமா: தாமதித்துவிட்டீர்கள், மாப்பிள்ளை. அதை உங்கள் அத்தை நேற்றே எடுத்துவிட்டாள்.