முதல் வண்டிக்கு 125 சிசி போதும்

அண்ணன் தன் மகனுக்கு வாங்கிக் கொடுத்த பெரிய பைக்கைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னதும், அதற்கு எனக்குக் கிடைத்த "பொறாமைக்காரன்" என்ற பட்டமும் இதற்குள் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: வண்டி ஓட்டப் பழகுகிறவனுக்கு முதல் வண்டி 100 அல்லது 125 சிசிக்குள் இருக்கட்டும். இன்றும் அதையே சொல்கிறேன்.

ஸ்பிளெண்டர் போன்ற 100 சிசி வண்டியின் ஆற்றல் ஏறக்குறைய 8 குதிரைத்திறன். 18 வயதுப் பையனுக்கு வாங்கிக் கொடுத்திருப்பதோ 40 குதிரைத்திறனைத் தாண்டியது. முன் பிரேக்கும் ஆக்சிலேட்டரும் ஒரே கையில் இருப்பதால், புதிதாகப் பழகுகிறவர்கள் பதற்றத்தில் பிரேக்கைப் பிடிக்கும்போதே ஆக்சிலேட்டரையும் முறுக்கிவிடுவார்கள். என் சித்தப்பா எனக்குப் பள்ளி மைதானத்தில் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது, பிரேக்கைத் தொடும் முன் ஆக்சிலேட்டரை முழுவதும் விடு என்பதைத்தான் மாலை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தவற்றைச் சிறிய வண்டி பொறுத்துக்கொள்ளும், பெரிய வண்டி பொறுக்காது.

"பெரிய வண்டியில் ஏபிஎஸ் இருக்கிறதே" என்பார்கள். நியாயமான கேள்விதான், சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அந்த பிரேக் அமைப்பு 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்குக் கட்டாயமானது, அதற்குட்பட்டவற்றுக்கு இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ் இருந்தால் போதும் என்பதே அப்போதைய விதி. ஏபிஎஸ்தான் வேண்டுமென்றால் 150, 160 சிசியோடு நின்றிருக்கலாமே? சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் ஏபிஎஸ் காக்கும். மணல் கிடக்கும் வளைவில் அளவுக்கு மீறிய வேகத்தில் நுழைகிறவனை அது காக்காது. "சின்ன வண்டியில் போனால் விபத்தே நடக்காதா" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமையில்லை.

"லைசென்ஸ் எடுத்துவிட்டானே" என்கிறார் அண்ணி. ஆர்டிஓ அலுவலகத்தில் எட்டுப் போட்டுக் காட்டியவனுக்கு நம் நாட்டில் 100 சிசியும் 1000 சிசியும் ஒன்றே. பிரிட்டனில் 17 வயதில் 125 சிசி வரைதான் அனுமதி. 19 வயதானால்தான் அடுத்த படி, அதற்கும் 35 கிலோவாட் என்ற வரம்பு உண்டு. அங்கே இருந்திருந்தால் இந்தப் பையன் இந்த வண்டியைச் சாலையில் ஓட்டவே முடியாது.

என்னை வருத்துவது என்னைப் பேசிய பேச்சுகூட அல்ல. லட்சக்கணக்கில் வண்டிக்குக் கொடுத்தவர்கள், அவன் தலைக்குச் சாலையோரக் கடையில் ஐஎஸ்ஐ முத்திரையில்லாத ஹெல்மெட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். உறவினர் முன் பெருமையாக நிறுத்துவதற்கு வண்டி வேண்டியிருந்தது, அதை ஓட்டப்போகிறவனைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. தூக்கி வளர்த்த பிள்ளைக்காகப் பேச எனக்கு உரிமையில்லையா?

அண்ணா, வண்டியை விற்கச் சொல்லவில்லை. ஓராண்டு அது வீட்டில் நிற்கட்டும். அதுவரை அவன் என் ஸ்பிளெண்டரை ஓட்டட்டும். நல்ல ஹெல்மெட்டை நானே வாங்கித் தருகிறேன்.