'உடனே சேரலாம்' என்று போடாதீர்கள்

"ரேடியாலஜிஸ்ட் தேவை. எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ, அல்ட்ராசவுண்ட், டாப்ளர் எல்லாம் பார்க்க வேண்டும். உடனே சேரலாம்." ஸ்கேன் சென்டர்களின் வேலை விளம்பரத்தில் இந்த 'உடனே'யைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் பிசிபிஎன்டிடி சட்டத்தின் விதிப்படி, ஸ்கேன் செய்யும் டாக்டர் மாறுவதை 30 நாள் முன்பே சென்டர் தெரிவித்து, பதிவுச் சான்றிதழைத் திருத்தி வாங்க வேண்டும். அதில் பெயர் ஏறுமுன் ப்ரோபை, அதாவது உடலில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவியை, கையில் எடுத்தால் மெஷினுக்குச் சீல், டாக்டர் மேல் வழக்கு என்றுகூடப் போகலாம். அதுவரை சிடி, எம்ஆர்ஐ ரிப்போர்ட் மட்டும் பாருங்கள், சம்பளம் பாதிதான் என்பார்கள். விண்ணப்பம் தாமதமானது யாரால்?

இதைவிடக் கொடுமை பழைய சென்டர். இந்த விதிகளின் 2012 திருத்தத்துக்குப் பிறகு, அல்ட்ராசவுண்ட் பார்க்க ஒரு மாவட்டத்தில் ஒரு டாக்டர் அதிகபட்சம் இரண்டு இடங்களில்தான் பதிவு செய்ய முடியும். விலகியவரின் பெயரை நீக்காமல் சென்டர் இழுத்தடித்தால் அந்த இரண்டில் ஒன்று அங்கேயே மாட்டிக்கிடக்கும். ராஜினாமா கொடுக்கும்போதே பெயர் நீக்கக் கடிதம் கேளுங்கள். மாவட்ட அலுவலக முத்திரை விழுந்த நகல் கைக்கு வராமல் நகராதீர்கள்.

அப்புறம் ஃபார்ம் எஃப், ஒவ்வொரு கர்ப்பிணி ஸ்கேனுக்கும் இந்தச் சட்டப்படி நிரப்ப வேண்டிய படிவம். அதை யார் நிரப்புகிறார்கள் என்று நேர்காணலிலேயே கேளுங்கள். வரவேற்பில் இருப்பவர் அவசரத்தில் விட்ட ஒரு கட்டம்கூட, மறுத்து நிரூபிக்காதவரை, சட்டத்தின் 4(3) பிரிவின்படி குற்றமாகவே கொள்ளப்படும். கையெழுத்து டாக்டருடையது. ஒரு நாளில் எத்தனை ஸ்கேன் என்று கேட்டால் மட்டும் "சமாளிச்சுக்கலாம் டாக்டர்" என்கிறார்கள். சென்டர்காரர்களே, எண்ணைச் சொல்லுங்கள், எழுதிக் கொடுங்கள்.