பேச அழைத்தோம், பந்திக்கு அழைக்கவில்லை

சனிக்கிழமை மாலை நம் கிளப்பில் நடந்ததைப் பற்றிப் பேசியது போதும், இனிமேல் கிளற வேண்டாம் என்று செயற்குழுவிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாட்களாகப் பேசப்பட்டது என்ன? மைக் இரைந்தது, நிகழ்ச்சி தாமதமாகத் தொடங்கியது, பிரியாணி ஆறிப்போயிருந்தது. சிறப்பு விருந்தினராக வந்த அந்த அக்காவைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

மாதந்தோறும் நடக்கும் விருந்தினர் உரைக்கு இம்முறை பாம்பன் பக்கத்திலிருந்து கடற்பாசி எடுக்கும் பெண் ஒருவரை அழைக்கலாம் என்று கூட்டத்தில் முன்மொழிந்தவள் நான். கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள். அரை மணி நேரம் உரை, பிறகு கேள்வி பதில், அதன்பின் இரவு விருந்து என்று அழைப்பிதழில் அச்சிட்டவர்களும் நாம்தான். அவர் ஆறு மணிக்கே வந்து முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வரவேற்புரை, புரவலர்களுக்குப் பொன்னாடை, புதிய உறுப்பினர் அறிமுகம், அந்த மாதம் பிறந்தவர்களுக்குக் கேக் எல்லாம் முடிந்து அவர் கைக்கு மைக் வந்தபோது மணி எட்டேகால். அவர் பேசத் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே பஃபே மேசையில் மூடிகளைத் திறந்துவிட்டார்கள். பாதி அரங்கம் எழுந்து தட்டெடுக்கப் போனது. மேடையில் ஒரு துண்டுச் சீட்டு நீட்டப்பட்டது. சொல்லிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டு, "எல்லாருக்கும் வணக்கம்" என்று கும்பிட்டு இறங்கிவிட்டார். நினைவுப் பரிசு கொடுத்தார்கள், புகைப்படம் எடுத்தார்கள். வாருங்கள், சாப்பிடலாம் என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. விருந்துக் கூப்பன் உறுப்பினர்களுக்கும் பெயர் பதிந்த விருந்தினர்களுக்கும் மட்டும்தான் என்றார்கள். அலுவலக அறையில் நான் அதற்காக வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் கேட் அருகே போய் நின்றுவிட்டார். "இருக்கட்டும் டீச்சர், கடைசி பஸ் போயிரும்" என்றார்.

அழைத்தவர்கள் நாம். அவர் நம்மிடம் எதையும் கேட்டு வரவில்லை.

அவர் என்ன கொண்டுவந்திருந்தார் என்று எத்தனை பேர் பார்த்தீர்கள்? ஒரு நைலான் பையில், ஈரத்துணி சுற்றி, அன்று காலை எடுத்த மரிக்கொழுந்துப் பாசி. மேசை விரிப்பில் தண்ணீர் சொட்டுகிறது என்று அதைக் கீழே வைக்கச் சொன்னார் ஒருவர். கடலுக்குள் மூழ்கும்போது போட்டுக்கொள்ளும் கண்ணாடியும், காலில் கட்டிக்கொள்ளும் தகட்டுச் செருப்பும் கொண்டுவந்திருந்தார். பாறையில் பாசி பறிக்கும்போது விரல் கிழியாமலிருக்கத் துணிக்கீற்றை எப்படிச் சுற்றுவார்கள் என்று மேடையிலேயே தன் விரலில் சுற்றிக் காட்டினார். அந்த விரல்களின் நுனியில் பழைய வெட்டுக்கள் வெள்ளைக் கோடுகளாகப் படிந்திருந்தன. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் கடலில் இறங்குவார்கள் என்பதையும், பாசி மறுபடி வளர வேண்டும் என்பதற்காக இரும்புக் கருவியால் சுரண்டாமல் கையால் மட்டும் பறிப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டதையும் சொன்னார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு, பாட்டி காலத்திலிருந்து பாசி எடுத்த இடமே தடை செய்யப்பட்ட இடமாகிவிட்டதைச் சொல்லத் தொடங்கியபோதுதான் துண்டுச் சீட்டு போனது. நான் கேட்க விரும்பியது அதைத்தான்.

அந்த மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து எடுப்பதுதான் அகர், இனிப்புகளை உறைய வைக்கும் பொருள். அன்றைய மேசையில் கண்ணாடிக் கிண்ணங்களில் ஏலக்காய் மணத்தோடு கடற்பாசி இனிப்பு இருந்தது. இரண்டாவது முறை எடுத்துக்கொண்டவர்களையும் பார்த்தேன். பாசியைப் பறித்தவர்களில் ஒருவர் வாசலில் நிற்க, பாசி இனிப்பை உள்ளே சாப்பிட்டோம் என்பதை என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை.

வரவேற்புரையில் வழக்கம்போல விவேகானந்தர் வந்தார். 1897 ஜனவரி 26 அன்று அவர் பாம்பனில் வந்து இறங்கியபோது பாஸ்கர சேதுபதி மன்னர் நேரில் வரவேற்றதையும், வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டு மக்களோடு தாமும் சேர்ந்து இழுத்ததையும் உணர்ச்சியோடு சொன்னார்கள். பேச வருபவரை எப்படி வரவேற்பது என்று தெரிந்த மண் இது என்றும் சொன்னார்கள். நான் மனதார ஏற்றுக்கொள்கிறேன். அந்தப் பெருமையைச் சொல்லிய அதே மேடையில், அதே இரவில் இது நடந்தது என்பதுதான் என் வேதனை. அவர் விவேகானந்தர், இந்தம்மா யார் என்று ஒரு நண்பர் தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார். அடுத்ததாக மேடையில் சொல்லப்பட்ட பெயர் அப்துல் கலாம். ராமேஸ்வரத்தில் படகு வைத்திருந்தவரின் மகன், சிறுவயதில் செய்தித்தாள் போட்டவர், 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்கள் முன்னால் பேசிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தவர். அவர் குடியரசுத் தலைவர் ஆவதற்கு முன்பு, செய்தித்தாள் கட்டோடு வந்திருந்தால் நம் கேட்டில் என்ன சொல்லியிருப்போம்?

எங்கள் அப்பா கீழக்கரையில் ஒரு கடையில் கணக்கு எழுதினார். ஊர்த் திடலில் கூட்டம் நடந்தால், பேச வருபவர்களில் யாராவது ஒருவருக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு இருக்கும். பேசிவிட்டு வருபவருக்குத் தொண்டை வறண்டிருக்கும் என்று சுக்கு தட்டிப் போட்ட வெந்நீரை அம்மா முதலில் கொடுப்பார். ஒரு முறை வந்தவரின் கட்சி அப்பாவுக்கு அறவே பிடிக்காது. திடலில் அவர் பேசியதற்கெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவர், வீட்டில் அவருக்கு இன்னொரு கரண்டி மீன்குழம்பு ஊற்றச் சொல்லி அம்மாவிடம் சைகை காட்டினார். வந்தவர் கை கழுவும்வரை அப்பா உட்காரவே இல்லை. எங்களிடம் கூப்பன் இருந்ததில்லை. பல நாள் மறுநாளைக்கான அரிசியும் இருந்ததில்லை.

நேரமாகிவிட்டது, யாரையும் குறை சொல்ல முடியாது என்கிறார்கள். கேக்கை அடுத்த வாரம் வெட்டியிருக்கலாம்.

கவர் கொடுத்தோமே என்கிறார்கள். பாசி எடுக்கும் நாளில் பாதி வேலையை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்தவருக்குக் கொடுத்தது அது. கொடுத்தது சரிதான். அதைக் கொடுத்துவிட்டதால் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியதில்லை என்று ஆகிவிடுமா?

விதி என்பதைத்தான் என்னால் கொஞ்சமும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பொங்கல் நிகழ்ச்சிக்கு வந்த உயர் அதிகாரி குடும்பத்தோடும் ஓட்டுநரோடும் உதவியாளரோடும் வந்தார். அத்தனை பேரும் சாப்பிட்டார்கள். செயற்குழுவினரே வரிசையில் நின்று பரிமாறினார்கள். அன்று கூப்பன் கேட்டவர் உண்டா? கடல் ஆராய்ச்சியாளர் ஒருவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் படம் போட்டுப் பேசியபோது யாரும் மூடியைத் திறக்கவில்லை. அது நல்ல உரை, நான் குறிப்பெடுத்தேன். அவர் காட்டிய படங்களில் இதே பாசி இருந்தது, பறிக்கும் கைதான் இல்லை. அந்தக் கைக்கும் உலகம் மதிப்புக் கொடுத்திருக்கிறது. பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி என்ற சுற்றுச்சூழல் அமைப்பு விருது வழங்கியது. நம்மால் அரை மணி நேரம் கொடுக்க முடியவில்லை.

அவரே வருத்தப்படவில்லை, உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டவர்களும் நமக்குள் இருக்கிறார்கள். ஆமாம், சிரித்துக்கொண்டுதான் போனார். இப்படித்தான் நடக்கும் என்று தெரிந்தே வந்தவர்போல இருந்தது அந்தச் சிரிப்பு. அவர் என்னிடம் கோபித்துக்கொண்டிருந்தால் நான் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன்.

குடும்ப விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுவரலாமா என்று கேட்டவருக்கு: அவரோடு எடுத்த படத்தைக் கிளப்பின் பக்கத்தில் எல்லாரும் பார்க்கப் போட்டிருக்கிறீர்கள். "அடித்தட்டு மக்களின் குரலுக்கு மேடை" என்று தலைப்பும் கொடுத்திருக்கிறீர்கள். படம் வெளியே வரலாம், நடந்தது வெளியே வரக்கூடாது என்றால் எப்படி? மொட்டைமாடியில் நின்று கடலைக் காட்டித்தான் வெளியூர் நண்பர்களிடம் நம் கிளப்பைப் பெருமையாகச் சொல்கிறோம். அந்தக் கடலில் பிழைப்பவர்களின் வீடுகளிலிருந்து நம் உறுப்பினர் பட்டியலில் எத்தனை பெயர் இருக்கிறது? நான் பார்த்தவரை ஒன்றுகூட இல்லை. சந்தா அதிகம், பரிந்துரைக்க இரண்டு உறுப்பினர் வேண்டும், நமக்குத் தெரிந்தவர்களைத்தான் நாம் பரிந்துரைக்கிறோம். அவர்கள் வரும் ஒரே வழி விருந்தினர் உரைதான். அதையும் இப்படிச் செய்தோம்.

வரும் பொதுக்குழுவில் இரண்டு தீர்மானங்கள் கொடுக்கப் போகிறேன். மாலை நிகழ்ச்சியில் விருந்தினர் உரையே முதலில் நடக்க வேண்டும், பொன்னாடையும் கேக்கும் பிறகு. பேச வருபவரும் அவருடன் வருபவர்களும் தலைவரின் மேசையில் அமர்ந்து சாப்பிட வேண்டும், திரும்பிப் போக வண்டியும் கிளப்பே ஏற்பாடு செய்ய வேண்டும். வழிமொழிய ஒருவர் தேவை. அதற்கு முன்னால், செயற்குழுவிலிருந்து யாராவது அந்த அக்காவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, மீதி உரையைக் கேட்க மறுபடி அழைக்க வேண்டும். அமாவாசை கழிந்து ஆறு நாளும் காலையில் அவர் கடலில் இருப்பார், ஆகவே மாலையில் போக வேண்டும். வழி காட்ட நான் வருகிறேன்.