கெம்ஃப் போனதற்கு யார் அழுதது என்று கேட்டவர்களுக்கு

நம்முடைய டொரொண்டோ லீவ்ஸ் ஹொக்கி அணியில் இருந்த டேவிட் கெம்ஃபை வன்கூவர் அணி எடுத்துக்கொண்டது என்ற செய்தி வந்ததிலிருந்து நம்மவர்களின் பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "தொல்லை விட்டது." "2.4 மில்லியன் மிச்சம்." "ரோஷக்காரர் போய்ச் சேர்ந்தார்." எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தம்பி போட்டிருக்கிறார், "நன்றி கெட்டவர்" என்று. அதற்கு முந்நூறு பேர் சிரித்திருக்கிறார்கள். சிரித்தவர்களில் பாதிப்பேர் எனக்குத் தெரிந்தவர்கள். சிலருடைய வீட்டில் நான் சாப்பிட்டிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன், இல்லாவிட்டால் பேசாமல் கடந்து போயிருப்பேன்.

யார் யாரை விட்டது? அதை முதலில் சொல்லுங்கள். 2025 ஒக்டோபர் தொடக்கத்தில், சீசன் ஆரம்பிக்கும் நேரத்தில், லீவ்ஸ்தான் அவரை வேவரில் போட்டது, அதாவது வேறு எந்த அணியும் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டது. அதே கிழமை மொன்றியல் வேவரில் விட்ட சமி பிளேயை அள்ளிக்கொண்டு வந்தது. கெம்ஃபை எவரும் எடுக்கவில்லை, லீவ்ஸின் கீழ்நிலை அணியான மார்லீஸுக்கு அனுப்பினார்கள். அவரால் அங்கே நிற்க முடியவில்லை, விலகினார். ஆளைக் காணோம் என்று இடைநீக்கம் செய்தார்கள். கடைசியில் இரண்டு பக்கமும் பேசி ஒப்பந்தத்தைக் கலைத்தார்கள். கலைப்பதற்கும் மறுபடி வேவரில்தான் போடவேண்டும், அதுவும் நடந்தது. பிறகு வன்கூவர் ஒரு வருடத்துக்கு எடுத்தது. இந்த வரிசையில் அந்த மனிதர் லீவ்ஸை விட்டுப்போன இடம் எது? விட்டது லீவ்ஸ். பந்தியில் இருந்தவனைப் பாதியில் கையைப் பிடித்து எழுப்பிவிட்டு, அவன் சாப்பிடாமல் வீட்டுக்குப் போய்விட்டான் என்று கோபிக்கிற மாதிரி இருக்கிறது உங்கள் கதை.

கெம்ஃப் யார் என்றே தெரியாமல் சிரித்தவர்களுக்கு ஒன்று. அவர் எந்த அணியாலும் ட்ராஃப்டில் (அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) தேர்ந்தெடுக்கப்படாமல் செக் நாட்டிலிருந்து வந்தவர். சிக்காகோ வேண்டாம் என்று விட்டபிறகு 2021இல் இங்கே வந்தார். முதல் இரண்டு சீசனும் 82க்கு 82 ஆட்டம். வேலை என்ன தெரியுமா? நம்முடைய கோலுக்குப் பக்கத்தில் நடக்கும் ஃபேஸ் ஓஃபுக்கு, அதாவது நடுவர் பக்கைக் கீழே போட்டு ஆட்டத்தைத் தொடங்கும் இடத்துக்கு, வந்து நிற்பது. ஒருவர் பெனல்ட்டி வாங்கிக்கொண்டு உள்ளே போனபிறகு மிஞ்சிய நான்கு பேரில் ஒருவராக நின்று எதிர் அணியின் அடியை உடம்பால் மறிப்பது. அவர் அங்கே நின்றதால்தான் நம்முடைய நட்சத்திரம் மத்தியூஸும் மற்றவர்களும் எதிர்ப்பக்கத்தில் ஃபேஸ் ஓஃப் எடுத்து கோல் போட்டார்கள். நாம் கோல் போட்டவருக்குக் கைதட்டினோம். சரி, அது இயல்புதான். 2024இல் பிராக் நகரில் நடந்த உலகச் சாம்பியன் இறுதி ஆட்டத்தில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக செக் 2-0 என்று வென்றபோது, கோலி இல்லாத வலைக்குள் கடைசி கோலை அடித்தது இவர்தான். முதல் கோலை அடித்தது டேவிட் பாஸ்ட்ர்நாக். சொந்த ஊர் சனம் முன்னால் அந்த ஆட்டத்தின் கடைசி நிமிடத்தை ஒரு பயிற்றுநர் நம்பிக் கொடுத்த ஆள், நமக்கு "தொல்லை".

"2.4 மில்லியன் சம்பளம் அண்ணை, ஒரு சீசன் முழுக்க கோலும் கோலுக்குக் கொடுத்த உதவியும் சேர்த்து 13 புள்ளி அண்ணை" என்று வருவீர்கள். தெரியும். வருடம் 2.4 மில்லியன் டொலர் என்று நான்கு வருடத்துக்கு எழுதிக் கொடுத்தது யார்? கெம்ஃப் துப்பாக்கியைக் காட்டியா வாங்கினார்? 2023 ஜூனில், லீவ்ஸின் முகாமையாளராகப் பதவிக்கு வந்த முதல் மாதத்திலேயே பிராட் ட்ரெலிவிங் போட்ட கையெழுத்து அது. போட்டவரே இரண்டு சீசன் கழித்துத் தூக்கி எறிந்தார், பழி மட்டும் வாங்கியவருக்கு. இடையில் என்ன நடந்தது? ஃபிலடெல்பியாவிலிருந்து லோட்டனைக் கொண்டுவந்தார்கள், விலை ட்ராஃப்டின் முதல் சுற்றில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் கிரெபென்கின் என்ற பெடியனும். நட்சத்திர ஆட்டக்காரர் மார்னர் வேகாஸ் போனபோது பதிலுக்கு நிக்கொலா ருவா வந்தார். கெம்ஃப் போல நடுவில் ஆடும் சென்டர் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஆட்கள் கூடினால் யாரையாவது குறைக்கத்தான் வேண்டும், அது எனக்கும் விளங்கும். ஆனால் ஒக்டோபரில் லோட்டன் காயத்தோடு வெளியே இருந்தார். அப்போதும் குறைத்தது கெம்ஃபைத்தான்.

மிச்சம் பிடித்த கணக்கையும் பார்ப்போம். ஒரு அணி மொத்தமாகக் கொடுக்கக்கூடிய சம்பளத்துக்கு ஒரு வரம்பு உண்டு. மார்லீஸுக்கு அனுப்பியபோது அவருடைய முழுச் சம்பளமும் அந்த வரம்பிலிருந்து கழியவில்லை, 1.15 மில்லியன்தான் கழிந்தது. மிச்சம் 1.25 மில்லியன், ஆளே இல்லாமல், லீவ்ஸின் தலையில். இப்போது அதுவும் போய்விட்டது, ஓம், முழுவதும் மிச்சம். ஆனால் அது முகாமையாளரின் மூளையால் வந்த மிச்சமா? 2027 வரை வரவேண்டிய காசை அந்த மனிதர் வேண்டாம் என்று விட்டதால் வந்தது. மார்லீஸில் சும்மா பெயருக்கு நின்றாலே வங்கிக்கு வந்துகொண்டிருக்கும் காசு. விளையாடவேண்டும் என்பதற்காக விட்டார். இவரைத்தான் நன்றி கெட்டவர் என்கிறீர்கள். லீவ்ஸுக்கு இவ்வளவு பெரிய நன்கொடை கொடுத்தவர் வேறு எவராவது இருந்தால் சொல்லுங்கள்.

"31 அணிகளும் இலவசமாக எடுத்திருக்கலாமே, ஏன் ஒருவரும் தொடவில்லை?" இது கொஞ்சம் கெட்டித்தனமான கேள்வி, கேட்டவரைப் பாராட்டுகிறேன். இலவசம் இல்லை, இன்னும் இரண்டு சீசன் ஒப்பந்தமும் சேர்ந்து வரும். அந்த ஒப்பந்தம் விழுந்த உடனே ஒரு அணி வந்து நின்றது அல்லவா? அவ்வளவுதான். மேலே போவோம்.

எனக்குக் கோபம் கெம்ஃபால் மட்டும் வந்ததில்லை. இந்த அணி கீழ் வரிசை ஆட்களை என்றைக்கு மனிதராகப் பார்த்தது? மைக்கேல் அமாடியோவை யாருக்காவது நினைவிருக்கிறதா? 2021 ஒக்டோபர். மூன்றே மூன்று ஆட்டம் போட்டுவிட்டு வேவரில் விட்டார்கள். வேகாஸ் எடுத்தது. 2023 வசந்தத்தில் வினிபெக் ஊருக்குள் போய், பிளேஓஃபில் (கிண்ணத்துக்கான கடைசிக்கட்ட ஆட்டங்கள்) முதல் சுற்றின் மூன்றாவது ஆட்டத்தில், இரண்டாவது ஓவர்டைமில் வெற்றி கோல் அடித்தது அதே அமாடியோ. ஜூனில் ஸ்டான்லி கிண்ணத்தைத் தலைக்கு மேலே தூக்கினார். நாம் அப்போது எங்கே? ஃபுளோரிடாவிடம் ஐந்தே ஆட்டத்தில் மூட்டை கட்டியிருந்தோம். அதே 2021 ஒக்டோபரில் நாமே ட்ராஃப்டில் எடுத்து வளர்த்த அடம் புரூக்ஸையும் வேவரில் போட்டு மொன்றியலுக்குத் தாரைவார்த்தார்கள். அவர் அந்த வருடமே மறுபடி வேவரில் விழுந்து வேகாஸுக்குப் போனார், பாவம்.

டக்கோட்டா ஜோஷுவாவின் கதை இன்னும் அழகு. 2014இல் லீவ்ஸ் ட்ராஃப்டில் எடுத்த பெடியன். 2019இல் சென்ற் லூயிஸுக்கு, "பிறகு பார்த்துக்கொள்வோம்" என்ற பேச்சுக்கு, ஏறக்குறைய சும்மா கொடுத்தார்கள். அவன் அங்கே நாலாவது லைனில் தொடங்கி, வன்கூவர் போய், 2023-24இல் 18 கோல் அடித்தான். 2025 கோடையில் என்ன செய்தார்கள்? அதே ஜோஷுவாவை 2028 வரை வருடம் 3.25 மில்லியன் ஒப்பந்தத்தோடு, ஒரு நாலாம் சுற்றுத் தேர்வும் கொடுத்து, வன்கூவரிடமிருந்து திருப்பி வாங்கினார்கள். நம்முடைய பொருளை நாமே காசு கொடுத்து வாங்கினோம். இப்போது வன்கூவர் நம்முடைய கெம்ஃபைச் சும்மா எடுத்துக்கொண்டது. அந்த ஊர் முகாமையாளருக்கு இங்கே ஒரு சிலை வைக்கலாம்.

மேசன் மார்ச்மென்ட்டைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை. 2020 பெப்ரவரியில் டெனிஸ் மல்கினுக்காகக் கொடுத்தார்கள். மல்கின் அந்த சீசன் இங்கே எட்டு ஆட்டம், ஒரு புள்ளி கிடையாது. மார்ச்மென்ட் 2021-22இல் ஃபுளோரிடாவுக்கு 54 ஆட்டத்தில் 47 புள்ளி. பேசவே விரும்பவில்லை என்றேன், பேசிவிட்டேன்.

"இதெல்லாம் முடிந்தபின் சொல்கிற புத்தி. அப்போது ஒருவருக்கும் தெரியாது." அப்படியா? முதல் முறை என்றால் சரி. ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்கிறவனுக்கும் அதே மன்னிப்பா? நானும் உடனே தெரிந்திருக்கவேண்டும் என்று கேட்கவில்லை. மூன்று ஆட்டத்தில் ஒரு மனிதனை அளக்கமுடியாது என்பதைத் தெரிந்துகொள்ளக் கணினிப் புள்ளிவிபரம் தேவையில்லை, அதைத்தான் கேட்கிறேன்.

இன்னொருவர் கேட்டார், "அப்போ எல்லாரையும் வைத்திருக்கச் சொல்கிறீர்களா? இடம் 23 பேருக்குத்தான்." இல்லை. ஜோஷ் லீவோவை அப்படித்தான் வைத்திருந்தார்கள். வேவரில் போட்டால் யாராவது எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் 2017-18 முழுக்க மேலே பத்திரிகைக்காரர்களின் அறையில் உட்காரவைத்து, 82இல் 16 ஆட்டம் கொடுத்தார்கள். நல்ல வயது, நல்ல உடம்பு, கோட்டும் டையும் போட்டுக்கொண்டு பொப்கோர்ன் தின்னவேண்டியதுதான். விடவும் மாட்டோம், விளையாடவும் விடமாட்டோம். அடுத்த சீசன் நடுவில் அவரையும் வன்கூவருக்கு அனுப்பினார்கள். எல்லாரும் கடைசியில் வன்கூவர்தான் போகிறார்கள், கவனித்தீர்களா?

இனி என்னைப் பற்றி. "ஸ்கேட் போடவே தெரியாத ஆள் ஹொக்கி கதைக்கிறார்" என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மை, எனக்கு ஸ்கேட் போடத் தெரியாது. நான் இந்த நாட்டுக்கு வந்து கோப்பை கழுவிய உணவகத்தின் சமையலறையில், அடுப்புக்கு மேலே ஒரு சின்னத் தொலைக்காட்சி இருந்தது. 1993 மே மாதம் கிரெட்ஸ்கியின் மட்டை டக் கில்மரின் தாடையில் பட்டு ரத்தம் வந்ததையும், நடுவர் அதைத் தண்டிக்காமல் விட்டதையும், பிறகு கிரெட்ஸ்கியே வந்து வெற்றி கோல் அடித்ததையும் அங்கேதான் பார்த்தேன். விதிமுறை ஒன்றும் தெரியாது. ஆனால் அநியாயம் என்று விளங்கியது. சமையல்கார அண்ணை கோபத்தில் கரண்டியை எறிந்தார். அன்று தொடங்கிய வியாதி.

வேவர் என்றால் என்ன என்று எனக்கு எவரும் படிப்பிக்கத் தேவையில்லை. நான் வேலைசெய்த ஒரு களஞ்சியத்தில் (பெயர் வேண்டாம்) இரவு வேலை எனக்கு நிரந்தரம் மாதிரி இருந்தது. எந்தப் பெட்டி எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். புதிதாக வந்த மேற்பார்வையாளருக்கே நான்தான் வேலை சொல்லிக் கொடுத்தேன். ஒரு நாள் அழைத்து, "உன்னை நாங்கள் விடவில்லை, தேவைப்பட்டால் கூப்பிடுவோம்" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அதே கிழமை ஏஜென்சி மூலம் புது ஆட்கள் உள்ளே போனதை நண்பன் சொன்னான். நான் ஃபோனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினேன். மனைவி, "வேறு இடம் பாருங்கோ" என்றாள். பார்த்தேன், கிடைத்தது, போனேன். அப்புறம் அங்கேயிருந்து ஒருவர் சொன்னாராம், "கூப்பிடுவோம் என்றோமே, பொறுக்கத் தெரியாத ஆள்" என்று. நன்றி கெட்டவன் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது லீவ்ஸ் ரசிகர்களிடம் இல்லை.

இப்போது "மில்லியன் வாங்குகிறவரை உங்களோடு ஒப்பிடுகிறீர்களா" என்று ஓடி வருவீர்கள். ஓம், ஒப்பிடுகிறேன். காசு வேறு, தெரியும். ஆனால் வேவரில் போட்டால் 24 மணிநேரம். அடுத்த நாள் பிற்பகல் 2 மணி வரைக்கும் அந்த மனிதனுக்குத் தான் எந்த ஊர்க்காரன் என்று தெரியாது. சான் ஹொசேயா, வினிபெக்கா, இல்லை, இதே ஊரில் எக்ஸிபிஷன் பிளேஸில் இருக்கும் மார்லீஸ் அரங்கமா? வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கூடத்துக்கு என்ன சொல்வது? ஒருவரும் எடுக்காவிட்டால் ஊர் மாறத் தேவையில்லை, அது ஆறுதல் என்கிறார்கள். "உன்னை 31 பேரும் வேண்டாம் என்றார்கள், ஆனால் வீடு மாறத் தேவையில்லை." நல்ல ஆறுதல்.

இதே அணி அன்றைய 81.5 மில்லியன் சம்பள வரம்பில் பாதியை, நாற்பது மில்லியனுக்கு மேல், நான்கு பேருக்கு வருடக்கணக்காகக் கொடுத்தது. அந்த நான்கு பேரும் பிளேஓஃபில் கோல் இல்லாமல் நின்ற இரவுகளில் "பொறுங்கோ, நேரம் கொடுங்கோ" என்று எழுதியவர்கள் நீங்கள்தான். பொறுமை எல்லாம் மேல் வரிசைக்கு. கீழ் வரிசைக்கு மூன்று ஆட்டம். 1967க்குப் பிறகு கிண்ணம் இல்லை என்று அழுவதும் நீங்கள்தான். நானும்தான், அது வேறு கதை.

கெம்ஃப் பெரிய ஆட்டக்காரர் என்று நான் எங்கும் சொல்லவில்லை. 2025 வசந்தத்தில் பிளேஓஃபில் பெரும்பாலும் அவரை வெளியே வைத்தபோதும் நான் ஒன்றும் எழுதவில்லை, அது அப்போதிருந்த பயிற்றுநர் பெரூபேயின் உரிமை. வெளியே வையுங்கள், விற்றுவிடுங்கள், வேவரிலும் போடுங்கள். ஆனால் போட்டுவிட்டு அந்த மனிதர் நன்றியோடு இருக்கவேண்டும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அதைத்தான் காலையிலிருந்து சொல்கிறேன்.

"இது பிசினஸ் அண்ணை" என்று கீழே எழுதப்போகிறவர்கள் தாராளமாக எழுதலாம், அழிக்கமாட்டேன். நன்றி கெட்டவர் என்று போட்ட தம்பியை மட்டும் நட்பிலிருந்து எடுத்துவிட்டேன். அவருக்கு இது தெரியவர 24 மணிநேரம் ஆகலாம்.