சரண்ஜித் சிங்கின் இந்தோளம்

நேற்று இரவு மும்பை சினிமா வாத்தியக்காரர் சரண்ஜித் சிங்கின் 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' இசைத்தட்டை ரொம்ப நாள் கழித்துப் போட்டேன். பழைய எச்.எம்.வி. அசல் இல்லை, 2010இல் நெதர்லாந்துக்காரர்கள் கொண்டுவந்த மறுபதிப்பு. யூடியூபில் பலமுறை கேட்டதுதான். ஆனால் தட்டில் கேட்கும்போது அடியில் ஓடும் பேஸ் நெஞ்சில் வந்து மோதுகிறது.

மால்கௌன்ஸ் ராகம் ஓடிக்கொண்டிருந்தது. அடுப்படியிலிருந்து அம்மா, "இந்தோளம் மாதிரி இருக்கே, யாரு வாசிக்கிறது?" என்று கேட்டார் (இந்துஸ்தானி மால்கௌன்ஸ்தான் நம் இந்தோளம்). அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது.

இந்த ஆல்பத்தைப் பற்றி எங்கே போனாலும் ஒரே பேச்சு: 'உலகின் முதல் ஆசிட் ஹவுஸ்' (எந்திரங்களில் உருவாக்கும் ஒருவகை மேற்கத்திய நடன இசை). சிகாகோவில் ஃபியூச்சர் குழுவின் 'ஆசிட் டிராக்ஸ்' வந்தது 1987இல். மும்பையில் இது பதிவானது 1982இல். பெருமையான விஷயம்தான். ஆனால் அந்தப் பட்டத்தோடு நிறுத்திக்கொண்டால் சிங் என்ன செய்தார் என்பதையே கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

அவர் கையில் ஜப்பானிய ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று மின்னணு இசைக்கருவிகள் இருந்தன. தாளத்துக்கு டிஆர்-808, பேஸுக்கு டிபி-303, ராகத்தை வாசிக்க ஜூபிடர்-8. இதில் 303இன் கதை தனி. கிட்டார் வாசிப்பவருக்குத் துணையாக, பேஸ் கிட்டார்க்காரர் இல்லாத குறையைத் தீர்க்கச் செய்த சின்னப் பெட்டி அது. ஆனால் அதன் ஒலி பேஸ் கிட்டார் போலவே இல்லை. விற்பனையும் படுத்துவிட, 1984இல் தயாரிப்பையே நிறுத்தினார்கள். பிறகு பழைய பொருளாக மலிந்து சிகாகோ இளைஞர்கள் கைக்குப் போனது. அவர்கள் குமிழ்களைத் திருகித் திருகி அந்த ஒலியைக் கதறவிட்டார்கள். அதுவே ஆசிட் ஹவுஸின் அடையாளமானது.

சிங் அதே பெட்டியில் வேறொன்றைக் கேட்டிருக்கிறார். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்கு வழுக்கிப் போகும் வசதி அதில் உண்டு. இந்துஸ்தானியில் மீண்ட், நம் வீணைக்காரர்களுக்கு ஜாரு. மேற்கத்திய கீபோர்டு வந்த நாள் முதல் 'இதில் ராகம் நிற்காது' என்று சொல்லப்பட்டதற்கு முக்கியக் காரணமே அந்த வழுக்கல் அதில் இல்லாததுதான். பைரவ் ராகத்தைக் கேளுங்கள். மேலே ஜூபிடர் இழைகிறது, கீழே 303 அதே ராகத்தின் ஸ்வரங்களை விடாமல் உருட்டிக்கொண்டே இருக்கிறது. லலித் இன்னும் அழகு. பஞ்சமம் கிடையாது, இரண்டு மத்யமமும் பக்கத்துப் பக்கத்தில். அந்த நெருக்கத்தை இந்த எந்திரம் இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பத்தும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். தாளம் எங்குமே மாறாததால் மதுவந்தி வரும்போது கொஞ்சம் அலுப்புத் தட்டுகிறது. சரி, போகட்டும். பூபாலி (நம் மோகனம்) வரும் இடத்தில் எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம்.

சிங் சினிமாவில் வாசித்தவர். சங்கர்-ஜெய்கிஷன், ஆர்.டி. பர்மன் என்று பெரிய இசையமைப்பாளர்களின் பாடல்களில் எல்லாம் கிட்டார், பேஸ், கீபோர்டு வாசித்திருக்கிறார். அந்தக் காலத்து சினிமாத் தட்டுகளின் உறையில் பாடகர் பெயர் இருக்கும், இசையமைப்பாளர் பெயர் இருக்கும். வாசித்தவர் பெயர் இருக்காது. யார் வாசித்தது என்று கேட்பவர்களும் இல்லை. இந்தப் பத்து ராகங்களை அவர் தன் பெயரில் கொண்டுவந்தபோதும் யாரும் வாங்கவில்லை. இருபது வருடம் கழித்து எடோ பௌமன் என்ற டச்சுக்காரர் டெல்லிக் கடை ஒன்றில் இதைக் கண்டெடுத்து, பிறகு மும்பையில் அவரைத் தேடிப் பிடித்தார். எழுபது வயதுக்கு மேல் ஐரோப்பிய மேடைகளில் இதே ராகங்களை வாசித்துவிட்டு, 2015இல் சிங் காலமானார். தாமதமாகவேனும் அது நடந்ததே என்பதில் எனக்கு உண்மையிலேயே நிம்மதி.

அம்மாவுக்குப் பதில் சொல்வதற்கு உறையை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். அப்புறம், "கல்யாணி இருக்கா இதுல?" என்றார்.

இருக்கிறது. யமன் (கல்யாணிக்கு இந்துஸ்தானியில் அதுதான் பெயர்) உள்ள பக்கத்தை எடுத்துப் போட்டேன்.